சேதாரம்

தட்டில் வைத்ததும்
அறுநூற்று எண்பது என்றாள் மரிசெல் சிஸ்டர்.
அவள் கிராமில் சொன்னாள்.
எனக்குப் பவுனில் கேட்டது.
எண்பத்தைந்து.

பதினான்கு வருடமாக
மனாமா தங்கச் சந்தையில் தராசுக்குப் பின்னால் நிற்கிறவனுக்கு
வேறெப்படிக் கேட்கும்.

இருபத்தாறாவது வாரம்.
பெயர் இன்னும் இல்லை.
கணுக்காலில் சுற்றிய பட்டையில்
நூஹாவின் குழந்தை என்று அரபியில் மட்டும்.
நூஹா நாலாவது மாடியில் தையலோடு படுத்திருக்கிறாள்,
நான் கைபேசியில் காட்டிய படத்தை
விரலால் பெரிதாக்கிப் பெரிதாக்கி.

மூச்சு விடத் தெரிகிறது,
நுரையீரலுக்குத்தான் விரியத் தெரியவில்லை,
நனைந்த பிளாஸ்டிக் பை மாதிரி
ஒட்டிக்கொள்கிறது என்றார் டாக்டர் ஹிந்த்.
ஒரு மருந்து உண்டு. இரண்டு மில்லிகூட இல்லை.
மெல்லிய குழாயில் உள்ளே விடுவோம்.
ஆனால் அது எடுக்கப்படுவது…
அங்கே அவருக்கு நாக்கு நின்றது.
எங்கள் இரண்டு பேர் வீட்டிலும்
பெயர் சொல்லாத பிராணி.
அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை,
நான் கையெழுத்தை முடித்திருந்தேன்.
அவருடைய பேனா
இன்னும் என் சட்டைப் பையில் கிடக்கிறது.

அன்று இரவு உம்மாவுக்குப் போன் செய்தேன்.
எத்தனை கிராம் என்று கேட்டாள், சொன்னேன்.
கொஞ்ச நேரம் காற்றாடிச் சத்தம் மட்டும்.
உனக்கு முன்னால் ஒண்ணு இருந்திச்சு என்றாள்,
ஏழு மாசம், ஆம்பளப் பிள்ளை.
எனக்கு முப்பத்தொன்பது வயது,
இது எனக்குத் தெரியாது.
எத்தனை கிராம் உம்மா?
அதை யாரு வாப்பா நிறுத்தா.

ஐந்தாம் நாள் அறுநூற்றுப் பன்னிரண்டு.
முதலில் எல்லோரும் இறங்குவார்கள், பயப்படாதீர்கள் என்கிறார்கள்.
எட்டரைப் பவுன்.
வாடிக்கையாளரிடம் சேதாரம் பேசும்போது
என் குரல் நடுங்கியதே இல்லை.
நீல விளக்கின் கீழே கண்ணைக் கட்டிக்கொண்டு
யாரிடம் இவள் பேரம் பேசுகிறாள்.

சில நேரம் மூச்சு விட மறந்துபோகிறாள்.
இயந்திரம் கத்தும்,
மரிசெல் உள்ளங்காலை ஒரு தட்டு தட்டுவாள்,
ஓ, சரி என்பது போலத் திரும்ப ஆரம்பிப்பாள்.
ஞாபகத்துக்காகக் கொடுப்பது கஃபீனாம்.
டீயில் இருப்பதுதானே என்றேன்.
அதேதான்.
கீழே இறங்கி ஒரு கரக் டீ வாங்கி
வாசலில் வெயிலில் நின்று குடித்தேன்,
அவளோடு சேர்ந்து.

ஒன்பதாம் எண் பெட்டியில் இத்ரீஸின் மகன்.
சூடானி, டிரெய்லர் ஓட்டுகிறான்.
கை கழுவும் இடத்தில்
என் வெள்ளி மோதிரமும் அவன் கடிகாரமும்
ஒரே கிண்ணத்தில் கிடக்கும்.
இருபத்தொன்றாம் நாள் போனபோது
கிண்ணம் காலியாக இருந்தது.
ஒன்பதாம் எண்ணை ஒருத்தி துடைத்துக்கொண்டிருந்தாள்,
மூலைகளையெல்லாம், மெதுவாக.
எல்லா இயந்திரமும் இருந்தது.
அவனிடம் என்ன சொல்வதென்று
நான் இன்னும் யோசித்து முடிக்கவில்லை.

பிறகு ஒரு நாள் சட்டையைக் கழற்றச் சொன்னார்கள்.
குழாய்களோடு தூக்கி
என் நெஞ்சில் வைத்தார்கள்.
பதினான்கு வருடத்தில்
கையில் வைத்ததை எடை சொல்ல முடியாமல் போனது
அன்றுதான்.

ஊரில் கேட்பார்கள் ஒரு நாள்,
பொண்ணுக்கு எத்தனை பவுன்.
எண்பத்தைந்து என்பேன்.
நகை எங்கே என்றால்
அவளைக் கூப்பிடுவேன்.

இன்று காலை பதினாறு கிராம் கூடியிருக்கிறாள்.
கடைக்கு வந்தேன். கூட்டம் இல்லை.
ஒரு பெண் இரண்டு பவுனில் சங்கிலி கேட்டாள்.
எடுத்தேன்.
தராசில் போடவில்லை,
உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.
இவ்வளவு.
ஒரே இரவில்.
அண்ணே, எடை சரியாத்தானே இருக்கு
என்று அவள் இரண்டு முறை கேட்ட பிறகுதான்
காதில் விழுந்தது.