நெப்டியூன் வரை மட்டும்

பின்லாந்தின் வடக்கில், ஹாக்கித் திடலுக்குப் பின்னால்
மஞ்சள் பூசிய பழைய எண்ணெய்த் தொட்டிதான்
எங்கள் ஊர்ச் சூரியன்.
அங்கிருந்து கிளம்பும் ஏழாம் எண் பேருந்தைப்
பத்தொன்பது பனிக்காலமாக ஓட்டுகிறேன்.
ஒரு கிலோமீட்டரில் பூமி:
மருந்துக்கடை வாசலில், கம்பி நுனியில்,
கைக்கு அடங்கும் கண்ணாடி உருண்டை.
அதன் நிலா வருஷம் தவறாமல் திருடு போகும்.
இப்போது ஒட்டியிருப்பது ஒரு மேல்கோட்டுப் பொத்தான்.

சுற்றுலா வருகிறவர்கள்
என் முதுகைப் பார்த்துக் கேட்பார்கள்.
"புதன்தானே சூரியனுக்குப் பக்கம்?
வெள்ளிக்கு ஏன் அத்தனை சூடு?"
சவுனாவில் உட்கார்ந்ததில்லையா நீங்கள்?
அடுப்பு எவ்வளவு அருகில் என்பதல்ல,
கதவு சாத்தியிருக்கிறதா என்பதுதான் கணக்கு.
வெள்ளி சாத்திய கதவைத் திறப்பதேயில்லை.

"செவ்வாய் ஏன் சிவப்பு?"
இறங்கும்போது என் வண்டியின் மட்கார்டைப் பாருங்கள்.
துரு.

வியாழனில் நிற்க முடியுமா என்றான் ஒரு பையன்.
நிறுத்தத்தில் நிற்கலாம். கோளில் தரையே இல்லை.
"அப்போ விழுந்துகிட்டே இருப்பேனா?"
கொஞ்ச தூரம். அப்புறம் காற்றே உன்னைக் கசக்கிவிடும்.
அவன் அம்மா கண்ணாடி வழியே என்னை முறைத்தாள்.

சனியின் வளையத்தைப் பனிவாரும் வண்டி
இடித்து நெளித்துவிட்டது.
யுரேனஸ் ஒரு சூறைக்காற்றில் பக்கவாட்டில் சாய்ந்தது.
நிமிர்த்த வந்தவர்களைப்
பள்ளிக்கூடத்து இயற்பியல் டீச்சர் தடுத்தாள்:
"விடுங்கள், இப்போதுதான் சரியாக இருக்கிறது."

இந்தச் சாலையில் ஒளிக்கு
ஒரு கிலோமீட்டர் கடக்க எட்டு நிமிஷத்துக்கு மேல்.
விறுவிறுவென்று நடக்கும் ஆளின் வேகம்.
நான் அறுபதில் போகிறேன்,
ஒளியை எட்டு மடங்கு முந்திக்கொண்டு.
அதற்கும் தாமதம் என்று நகராட்சிக்குப் புகார் போகிறது.

"அடுத்த நட்சத்திரம் எந்த நிறுத்தம்?"
இரண்டு லட்சத்து அறுபத்தெட்டாயிரம் கிலோமீட்டர்.
என் மீட்டர் மூன்று லட்சத்து நாற்பதாயிரம் காட்டுகிறது.
ஏதோ ஒரு செவ்வாய்க்கிழமை
கவனிக்காமலே அதைத் தாண்டியிருக்கிறேன்.
மழை பெய்த நாளாகவும் இருக்கலாம்.

பிறகு எங்கோ ஒரு மண்டபத்தில் வாக்கெடுத்து
கோள்கள் எட்டுதான் என்று முடிவு செய்தார்கள்.
அதை மேற்கோள் காட்டி,
பணமில்லை என்ற சொல்லை எழுதாமலே,
நகராட்சி கடைசி நிறுத்தத்தை வெட்டியது.
புளூட்டோ, கோலிக்குண்டு அளவில்,
ஒரு தபால் பெட்டிக் கம்பத்தின் மேல் இருக்கிறது.
தபால் பெட்டி இல்தா சொர்வாரியுடையது.
தீர்மானத்தில் அவள் பெயர் இல்லை.

மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை.
கடைசி வண்டியில் வருவாள், வெளுப்புக் காரத்தின் வாசனையோடு.
நெப்டியூனில் இறங்கிப் பனிச்சறுக்குக் கட்டைகளை மாட்டுவாள்.
மீதி ஒன்பதரைக் கிலோமீட்டர்,
கிட்டத்தட்ட ஒளியின் வேகத்தில்.

இத்தனை வருஷத்தில் ஒன்றும் கேட்டதில்லை.
மைனஸ் முப்பத்தொன்று காட்டிய இரவில் கேட்டாள்:
"அங்கேயிருந்து சூரியன் தெரியுமா?"
உன் வீட்டிலிருந்தா?
"என் சமையலறை ஜன்னலில் பைன் மரங்கள்தான் தெரியும்.
நான் கேட்டது நிஜப் புளூட்டோவை."
ஊசிமுனை அளவுக்குத் தெரியும்.
ஆனால் முழுநிலவைவிட நூறு மடங்குக்கு மேல் வெளிச்சம்.
செய்தித்தாள் வாசிக்கலாம்.
"அது போதும்" என்றாள்,
கட்டைகளை எடுக்கக் குனிந்தபடி.

நான் கதவைத் திறக்கவில்லை.
முகப்பு விளக்கை ஏற்றினேன்.
பலகையில் இன்னும் நெப்டியூன் என்றே எரிந்துகொண்டிருந்தது.
இருவரும் பேசவில்லை. ஹீட்டர் மட்டும் முனகியது.
இருட்டில் கம்பம் தெரிந்தது, அதன் தலையில்
உறைபனி மூடிய அந்தக் குண்டு.

மறுநாள் டீசல் கணக்கில்
பத்தொன்பது கிலோமீட்டர் இடித்தது.
காரணம் கேட்கும் கட்டத்தில்
'வழி தவறியது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.
நேர் சாலை அது.
ஒரு திருப்பம்கூடக் கிடையாது.