இரண்டு இனிஷியல்

பயிற்சி வகுப்பில் சொன்னார்கள்:
ஓர் ஆளுக்கு ஓர் எண்.
தேர்வில் அதற்கு இரண்டு மதிப்பெண்.

கீழ்ப்பாக்கம், மூன்றாம் மாடி.
ஏசித் தண்ணீர் சொட்டும் வாளிக்குப் பக்கத்தில்
என் திரையில் இரண்டு பேர்.
கோ. செண்பகவல்லி, ஓட்டேரி,
பிறந்த தேதி தெரியாததால் ஜனவரி ஒன்று.
த. செண்பகவள்ளி, பெரும்பாக்கம்,
அதே ஜனவரி ஒன்று,
வேறு வருஷம்.

முன்னவளுக்குப் பெனிசிலின் ஆகாது.
பின்னவளுக்கு நாளைக் காலை ஆபரேஷன்.

ஒரே ஆளாக இருக்க
அறுபத்தொரு சதவீத வாய்ப்பு என்கிறது மென்பொருள்.
மீதி முப்பத்தொன்பதை என்ன செய்வதென்று
சுவரில் மாட்டிய என் சான்றிதழுக்கும் தெரியாது.

வார்டுக்குப் போன் போட்டேன்.
"அம்மா, கோ யாரு?"
"கோதண்டம். எங்கப்பா."
"த?"
கொஞ்ச நேரம் மூச்சு மட்டும்.
"தணிகாசலம். அந்தாளு எப்பவோ போயிட்டான்.
எழுத்து மட்டும் ஒட்டிக்கினு நிக்குது."

'இணை' என்பதை அழுத்தினேன்.
உறுதியா என்று கேட்டது. இரண்டு முறை கேட்கும்.
பெனிசிலின் சிவப்பில் ஏறி உட்கார்ந்தது,
பேர் ஒன்றானது.

இனிஷியல் கட்டத்தில் மட்டும் நட்சத்திரக் குறி:
காலியாக விட முடியாது.

மறுபடியும் வார்டுக்குப் போன் போட்டேன்.