குடை

ஹவ்லொக் வீதியில் மழை.
பள்ளிக்கூடம் விட்டு பஸ்ஸுக்கு நின்ற என் முன்னால்
இருமி, இன்னொரு முறை இருமி,
நின்றுபோனது அந்தச் சிவப்பு எம்.ஜி.

இரண்டே இருக்கை. என் நெஞ்சளவு உயரம்.
இறங்கியவள் மிஸ் கெலார்ட்; பெயர் பிறகுதான் தெரியும்.
பொனெட்டைத் திறந்தாள். என்னைப் பார்த்தாள்.
"குடையை இஞ்சால பிடி" என்றாள்
உடைந்த தமிழில்.

எனக்கில்லை குடை, எஞ்சினுக்கு.
பின்னல் நனைய, வெள்ளைச் சட்டை நனைய
எட்டிப் பார்த்தேன்:
கைக்குட்டையால் ஏதோ கறுப்பு மூடியைத்
துடைத்துக்கொண்டிருந்தாள்,
குழந்தைக்குக் காது துடைப்பதுபோல.
என் மூக்கு நுனியிலிருந்து ஒரு துளி
இரும்பில் விழுந்து
சுர்ரென்றது.

பிறகு அது பிடித்தது.
காதால் அல்ல, வயிற்றால் கேட்டேன்.
கையசைத்தாள். போய்விட்டாள்,
குடையோடு.

"குடை எங்கேயடி?" அம்மா.
"சிவப்பு" என்றேன்.
முதுகில் விழுந்தது ஒன்று.

ஐம்பத்தொரு வருசம்.
பஞ்சிகாவத்தையில் கடை கடையாக
டிஸ்ட்ரிபியூட்டர் மூடி தேடுகிறேன்.
"இந்தச் செலவுக்குப் புதுக் காரே வாங்கலாமே, மெடம்"
என்கிறார் நிஸ்தார்.

வாங்கலாம்தான்.
புதுசு மழையில் நிற்காதே, நிஸ்தார்.