இரும்பு இருந்தால்

எட்டு வருடம் புல்மோட்டை மணலைத்
துறைமுகத்துக்கு லொறியில் இழுத்தவன் நான்.
தொன் கணக்கில் தெரியும்.
ஒரு கரண்டியாய்ப் பார்த்ததில்லை.

நஸ்மியா அதை வெள்ளைப் பீங்கான் தட்டில் பரப்பினாள்.
கறுப்பு. மூக்குப்பொடியைவிட நைசு,
சட்டைப்பையில் போட்டால் தோளை இழுக்கும் கனம்.
கரண்ட் போகும்வரை காத்திருந்தோம்.

ஆய்வுகூடத்தில் இரவல் வாங்கிய ஊதா லேசரை
பேனா பிடிப்பதுபோல் பிடித்துக்கொண்டு சொன்னாள்:
"முதல்ல கண்ணாடியப் போடுங்க.
மறுகா பாருங்க."

செம்மஞ்சள் கண்ணாடி.
போட்டதும் ஊதாவைக் காணவில்லை.
அவள் விரல் பொத்தானில்தான் இருந்தது,
கதிர் தட்டில்தான் விழுந்தது,
கேள்வியை யாரோ அழித்துவிட்டார்கள்.
மிஞ்சியது பதில் மட்டும்:

சிர்கோன் மணிகள்,
தாளிக்கிற கடுகுபோல அங்கொன்று இங்கொன்று
மஞ்சளாய்த் தெறித்து நின்றன.
நடுவில் ஒன்றே ஒன்று, எறும்பின் கண்ணளவு,
சிவப்பு.
"மாணிக்கத்துக்கு ஒன்றுவிட்ட தங்கச்சி" என்றாள்.
"விலை?"
"புடிக்க ஊசி வாங்குற காசுக்கும் காணாது."

மிச்சமெல்லாம் இல்மனைட்.
எவ்வளவு அடித்தும் இருட்டு.
"உள்ள இரும்பு இருந்தா அப்பிடித்தான்.
வெளிச்சத்த வாங்கிச் சூடாக்கி வச்சுக்கும்.
திருப்பித் தராது."

பதினேழு வயதில்
அநுராதபுரச் சந்தியில், மழை இரவொன்றில்,
என் முகத்துக்கு நேரே ஒரு ரோர்ச்.
பெயர். எங்கிருந்து. யார் வீட்டுக்கு.
சொன்னேன் என்றுதான் நினைக்கிறேன்.
பற்கள் அடித்துக்கொண்டது மட்டும் ஞாபகம்.
அன்று வாங்கிய வெளிச்சம்
எங்கே போய்ச் சூடாகிக் கிடக்கிறதோ.

இதை அவளிடம் சொல்லவில்லை.
சொல்ல வாயெடுத்த நேரம்
கதிர் சறுக்கி அவள் பெருவிரலில் ஏறியது:
நக இடுக்கில்
சிர்கோன் எல்லாம் தோற்றுப்போகிற மஞ்சள்,
தட்டு முழுவதையும் விடப் பளிச்சென்று.

நான் குனிந்தேன். "இது என்ன கல்?"

"கல்லா?
மத்தியானம் பாரைக் குழம்பு வச்சன்.
மஞ்சள்தூள்."

சிரித்த சிரிப்பில் தட்டு ஆடி
மணல் இடம் மாறிப்போனது.
கரண்ட் வந்தது. கண்ணாடியைக் கழற்றினேன்.
ஒரே கறுப்பு.
அந்தச் சிவப்பு எங்கே கிடந்தது என்று
அவள் ஒரு மூலையைக் காட்டினாள்,
நான் இன்னொன்றை.

இரண்டையும் சேர்த்து
பால்மா டின்னில் திரும்பக் கொட்டினோம்.