இடப்பக்கம் மேலே ஒரு புள்ளி

சித்தப்பா லாச்சப்பலில் இருந்து கொடுத்துவிட்ட
பழைய கமராவுக்குள் ஒரு தூசி.
லென்ஸில் இல்லை. உள்ளே, எட்டாத இடத்தில்.
எதை எடுத்தாலும்
இடப்பக்கம் மேலே, வானம் வரவேண்டிய மூலையில்
சாம்பலாய் ஒரு புள்ளி.
பண்ணைப் பாலத்தில் எடுத்தாலும் அது,
பாசையூர் அந்தோனியார் பெருநாளில் எடுத்தாலும் அது.
அம்மா முதல்நாளே கேட்டா:
"உது என்ன, காகமோ?"

கொழும்பில் துடைத்துத் தருவினமாம். எட்டாயிரம்.
"எட்டாயிரத்துக்கு ஒரு காகத்தைக் கலைக்கிறதோ"
என்றார் அப்பா,
ஐஸ் கம்பனிக் கணக்குக் கொப்பியில் இருந்து நிமிராமல்.
அன்றிலிருந்து வீட்டில் அதற்குக் காகம் என்றே பெயர்.

காலை ஏழேகாலுக்குச் சைக்கிள்.
செயின் ஒருமுறை கழலும்,
கச்சேரியடியிலோ நல்லூர் பின்வீதியிலோ,
எங்கே என்பது அதன் விருப்பம்.
கறுத்த விரல்களோடு ஆய்வுகூடத்தில் நிற்பேன்.
வெள்ளைக் கோட்டின் பொக்கற்றில்
பேனை, கசங்கிய சமன்பாடு, லென்ஸ் மூடி.

பியூரெட்டில் இருந்து துளி, பிறகு துளி.
முடிவுநிலை ஒரு மங்கல் இளஞ்சிவப்பு,
முப்பது செக்கன் நிலைக்க வேண்டும்.
ஒரு துளி கூடினால் ஊதா,
எல்லாம் திரும்ப முதலில் இருந்து.
"எப்பிடியடி சரியா அதில நிப்பாட்டுறாய்?"
யதுஷாலினிக்கு ஒவ்வொரு முறையும் ஊதாதான்.
விடிய ஐந்தே முக்காலுக்குக் கடற்கரையில் நின்று பார், தெரியும்.
அந்த நிறம் அங்கேயும் அரை நிமிசம்தான்.
ஆனால் வினாத்தாளில்
அதற்குப் புள்ளி இல்லை.
போன செமஸ்டர் சேதன இரசாயனம் சி மைனஸ்.
வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

சனி ஞாயிறு றெஜீவன் அண்ணாவின் ஸ்டூடியோவில்
நான் இரண்டாம் கமரா.
அவர் மேடையை எடுப்பார்,
நான் மேடையைப் பார்க்கிறவர்களை.
நாளுக்கு மூவாயிரத்து ஐந்நூறு.
தம்பியின் கணிதரியூசன் அதில்தான் ஓடுது,
அதற்காக அவன் என்னை மதிக்கிறான் என்றில்லை.

கோண்டாவிலில் ஒரு சாமத்தியவீடு.
பிள்ளைக்குப் பன்னிரண்டு வயது, தலையில் மூன்று கிலோ பூ,
இரண்டு பிளாஸ்டிக் மயில், ஒரு ட்ரோன்.
கொஞ்சம் சிரியுங்கோ, நாடியைத் தூக்குங்கோ,
இஞ்ச பாருங்கோ, இஞ்ச, இஞ்ச,
ஐந்து மணித்தியாலம்.
மாமிமார் எல்லாரும் ட்ரோனை அண்ணாந்து பார்த்த ஒரு கணம்
பிள்ளை கொட்டாவி விட்டாள்.
முழு வாய்.
உள்ளே ஒரு கடைவாய்ப்பல் அப்போதுதான் முளைக்கிறது.
அமத்தினேன்.

அல்பத்துக்குப் படம் தெரிவுசெய்த இரவு
றெஜீவன் அண்ணா அதைப் பார்த்தார், சிரித்தார், அழித்தார்.
என் காட்டில் ஒன்று மிச்சம் இருந்தது.
இரண்டு கிழமை கழித்து
தாயின் போனில் இருந்து ஒரு வாட்ஸ்அப்:
"அக்கா நான் கொட்டாவி விட்ட படம் இருக்கா
அம்மாக்கு சொல்ல வேணாம்"
அனுப்பினேன்.
ஒரு சிவப்பு இதயம் வந்தது.
பிறகு இதயமும் கேள்வியும் அழிந்துபோயின.

அம்மாவுக்குப் பெரியாஸ்பத்திரியில் இரவு வேலை.
விடிய வந்து
சப்பாத்தைக் கழற்றாமல் கதிரையிலேயே நித்திரை.
கமரா பக்கத்தில் இருந்தும் எடுக்கவில்லை
என்று எழுதினால் நல்ல பிள்ளை என்பீர்கள்.
எடுத்தேன். நாலு.
நாலிலும் காகம்,
சுவரில், யேசுவின் கலண்டருக்கு மேலே.
எழும்பிப் பார்த்தா. "அழி" என்றா.
பிறகு கையில் வாங்கி, பெருப்பித்து,
"சப்பாத்து வடிவா வந்திருக்கு என்ன?
போன மாதம் வாங்கினது."

திங்கள் சோதனை.
மேசை முழுக்க பென்சீன் வளையங்கள்,
அறுகோணம் ஒன்றும் ஒழுங்காய் மூடவில்லை.
இரவு பத்தரைக்கு
ஐஸ் லொறி ஒழுங்கைக்குள் பின்பக்கமாய் வருகிறது.
அப்பா கை காட்டுகிறார்:
வா, வா, ஒடி, வா, நில்.
பின் லைற்றில் அவர் முழுக்கச் சிவப்பு,
கீழே ஒழுகும் ஐஸ்தண்ணியும்.

இன்னும் இரண்டு தாக்கம் பாடமாக்க வேண்டும்.
பட்டரி பாதிதான் ஏறியிருக்கு.
லொறி போகும்வரைக்கும் மட்டும்
என்று எழும்புகிறேன்.