என்னுது இல்ல

பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரி.
உடற்கல்வித் துறையின் சாமான் அறை.
காற்றுப்போன கூடைப்பந்துகளுக்கு நடுவே
ஒரு மேசை, இரண்டு நாற்காலி.
மற்றவர்களுக்கு மாடியில் நடக்கிறது
முதுகலை வரலாறு, மூன்றாம் தாள்.

ஆய்வுக்குழு வந்தபோது போட்ட சாய்தளத்தில்
இப்போது குரோட்டன்ஸ் தொட்டிகள்.
பேராட்சி அக்காவுக்கு அது தேவையுமில்லை.
"படிய எண்ணிட்டு ஏறிருவேன்.
சத்தமில்லாத ரூம் ஒண்ணு தாங்க"
என்று மூன்று முறை மனுக் கொடுத்தாள்.
கண் தெரியாதவள், மாடி வேண்டாம் என்று
அவர்களாக இரங்கிக் கீழே போட்டார்கள்.
ஜன்னலுக்கு வெளியே ஜெனரேட்டர்.

நான் செய்யது, மேலப்பாளையம்.
விலங்கியல், முதலாம் ஆண்டு.
எழுதுகிறவனுக்குப் பாடம் தெரியக் கூடாதாம்.
வரலாறு தெரியாததே என் தகுதி.

அவள் சொல்லச் சொல்ல எழுதினேன்.
காற்புள்ளியையும் சொன்னாள்.
பத்தி மாறும்போது மேசையில் ஒரு தட்டு.
ஆண்டுகளை இரண்டு தரம் சொன்னாள்,
என் காதை நம்பாமல்.

பதினோராம் கேள்வி, குளத்துப் பாசனம்.
கரை, மடை, மதகு என்று
வரிசையாய் வந்தவள் நின்றாள்.
"கொளம் நெறஞ்சா மிச்சத் தண்ணி போவும்லா,
அந்த எடம். பேரு நாக்குல நிக்கி,
வரமாட்டேங்கு."

ஜெனரேட்டர் ஓடியது.
கண்காணிப்பாளர் கடிகாரம் பார்த்தார்.
அவள் நெற்றி சுருங்குவதை
நான் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தேன்.
எப்போதோ பள்ளிக்கூடத்தில் படித்தது
எனக்கு ஞாபகம் இருந்தது.
எழுதினேன். மெதுவாகத்தான்.

"நான் ஒண்ணும் சொல்லலியே.
பேனா எதுக்கு ஓடுது?"

"சரியான வார்த்தைதாம்க்கா."

"சரியாவே இருக்கட்டும். அடிச்சிரு.
என்னுது இல்ல."

என்ன வார்த்தை என்று அவள் கேட்கவில்லை.
ஒரு கோடு போதும்,
நான் இரண்டு போட்டேன். காது சுட்டது.

"எழுது," என்றாள்.
"நிறைந்த குளம் தன் மிச்சத்தை
அடுத்த குளத்துக்குக் கொடுக்கும் வழி."
ஒரு சொல்லின் இடத்தில் எட்டுச் சொல்.

ஒரு மணிக்கு மாடி காலியானது.
எங்களுக்கு இன்னும் ஒரு மணி நேரம் உண்டு.
கண்காணிப்பாளர் டிபன் பாக்ஸைத் திறந்து
மூடினார். "முடிச்சிட்டா குடுத்துரலாம்மா."

"முடிக்கல, சார்."

ஒன்றரைக்கே முடித்திருந்தாள்.
மிச்ச நேரம் முழுக்க
முதல் வரியிலிருந்து என்னை வாசிக்கச் சொல்லி,
கன்னத்தில் கைவைத்துக் கேட்டாள்,
தன் பரீட்சையைத் தானே திருத்துகிறவள் மாதிரி.

கடைசியில் ஒரு படிவம்.
தேர்வருக்கும் உமக்கும் என்ன உறவு?
எனக்குக் கை ஓடவில்லை.
"இல்லன்னு போடு," சிரித்தாள்.
"இருக்குன்னா விடமாட்டாவ."

பஸ் ஸ்டாண்டில் அவள் கையைப் பிடிக்கப் போனேன்.
அவளே என் முழங்கைக்கு மேல் பிடித்துக்கொண்டாள்.
"நீ முன்னால போ, நான் வருவேன்."

சேரன்மாதேவி வண்டி. ஏறி உட்கார்ந்து,
வண்டி நகர்ந்த பிறகு
ஜன்னலில் இருந்து கத்தினாள்:
"ஏல செய்யது! மறுகால்!
மறுகால்லா அது!"

பூ வாங்கிக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.
நானும் கையை ஆட்டினேன்,
ஆட்டுவது அவளுக்குத் தெரியாது என்பதை மறந்து.

நான் எழுதி அடித்தது கலிங்கு.
அதை அவளிடம் இன்னும் சொல்லவில்லை.