செட்

மே மாதத் தொடக்கம், விடியற்காலை நாலரை.
பிரின்ஸ் எட்வர்ட் தீவின் வடகரையில்
ஊர் முழுக்கத் துறையில் நிற்கிறது,
கையில் காபி, வாயில் ஆவி.
சிங்கி இறால் பிடிக்கும் கூண்டுகளை
அடுக்கடுக்காய் ஏற்றிக்கொண்டு படகுகள் கிளம்புகின்றன.
"செட்டிங் டே" என்று அந்த நாளுக்குப் பெயர்.
நிதால் தன் நோட்டில் எழுதிக்கொள்கிறார்,
அரபியில், வலமிருந்து இடமாக:
செட் என்றால் கூண்டைக் கடலில் இறக்குதல்.

ஹமாவில் மருந்துக்கடை வைத்திருந்தவர்.
ஐம்பத்திரண்டு வயதில்
ஆல்டன் மெக்ஃபீயின் படகில் இரைமீன் வெட்டுகிறார்.
ஆல்டனுக்கு இருபத்தொன்பது. பேச்சில் சிக்கனம்.

அந்தச் சொல் முன்பே ஒருமுறை அவரைத் தடுக்கிவிட்டது.
ரொட்டிக்குக் காசு கொடுத்து முடித்ததும்
கல்லாவில் இருந்த பெண் கேட்டாள்: "ஆல் செட்?"
ஆம் என்றால் போக வேண்டுமா, நிற்க வேண்டுமா?
ரெண்டுங்கெட்டானாய்ச் சிரித்துவிட்டு
ரொட்டியை அங்கேயே மறந்து வந்தார்.

துறையின் புதுப் படிக்கட்டில் ஓர் அட்டை:
மிதிக்காதீர்கள், இன்னும் செட் ஆகவில்லை.
(நம்மூர்ப் பையன்கள் காதலுக்குச் சொல்வதை
அங்கே சிமெண்டுக்குச் சொல்கிறார்கள்.)
அதற்குள் ஒரு நாய் வந்து
தன் கருத்தை நான்கு காலாலும் பதித்துப் போயிருந்தது.

மூன்றாம் வாரம்
ஓடுகிற கயிறு மணிக்கட்டைச் சுற்றிக்கொண்டது.
சார்லட்டவுன் மருத்துவமனையில்
ஒருத்தி பிடித்துக்கொள்ள ஒருத்தி இழுத்தாள்.
"செட் பண்ணியாச்சு" என்றாள் டாக்டர்.
பிறகு மாவுக்கட்டைத் தட்டிப் பார்த்து
"இது செட் ஆக இருபது நிமிஷம்" என்றாள்.
வலியின் நடுவே நிதாலுக்குச் சிரிப்பு வந்தது.
அவள் முகம் இறுகியது.
அதற்கும் அதே சொல்தான் என்று
அவருக்கு அப்போது தெரியாது.

அன்றிலிருந்து நோட்டில் இடக்கை எழுத்து.
கிளிஃபர்ட் தன் பல்லைக் கழற்றிக் காட்டி
"இதையும் எழுதிக்கோ" என்றான்.
பல்செட்.

இதைத் தமிழில் எழுதும் நான் கையைப் பிசைகிறேன்.
கூண்டை இறக்கு, எலும்பைப் பொருத்து,
பாகு உறையட்டும், சிமெண்ட் இறுகட்டும்,
பொழுது சாயட்டும்.
அவர்கள் ஒற்றை ஆளை வைத்து முடிக்கும் வேலைக்கு
நான் ஐந்தாறு பேரைக் கூலிக்கு அழைக்கிறேன்.
மூலையில் நிற்கும் 'வை' என்னை முறைக்கிறது:
அலாரம் வைக்க, செடி வைக்க, மீசை வைக்க,
பெயர் வைக்க, பாசம் வைக்க
என்னைக் கூப்பிட்டவன்தானே நீ?

ஜூன் கடைசியில் வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது.
காஸியான்டெப்பில் காத்திருக்கும் சுஹைலாவுக்கு
நேர்காணல்.
தேதி செட் ஆகிவிட்டதாக எழுதியிருந்தது.

அவர் அதை வீட்டில் திறக்கவில்லை.
படகுக்குக் கொண்டுவந்து
ரப்பர் வளையப் பெட்டியின் மேல் விரித்து
விரலால் அந்த மூன்று எழுத்தைத் தொட்டார்.
"ஆல்டன், இது எந்த செட்?
சிமெண்ட் மாதிரியா?
சூரியன் மாதிரியா?"

ஆல்டன் எஞ்சினை அணைத்தான்.
டீசல் செலவைப் பார்க்கிறவன், அதற்காக இல்லை.
ஊரிலேயே சிவப்பும் வெள்ளையும் பூசிய மிதவை
அவனுடையது மட்டும்தான்.
அது தூரத்தில் முங்கி முங்கி எழுவதைப் பார்த்தான்.
"கூண்டு மாதிரி" என்றான்.
"இறக்கியாச்சு.
போய்த் தூக்கிப் பார்த்தால்தான் தெரியும்."

அன்று இரவு ஒன்பதாகியும் வெளிச்சம்.
நிதால் மேசையில் இரண்டு தட்டு வைத்தார்,
பிறகு ஒன்றை எடுத்தார்,
பிறகு அதையே மறுபடி வைத்தார்.
பக்கத்து வீட்டு வெர்னா, பழைய பள்ளிப் பேருந்து ஓட்டுநர்,
ருபார்ப் ஜெல்லி கொடுத்துவிட்டிருந்தாள்,
"ராத்திரிக்குள் செட் ஆகிவிடும்" என்ற உறுதியோடு.
ஆகவில்லை.
தண்ணீராய்த் தளும்பியது.
கரண்டியால் குடித்தார்.
நன்றாகத்தான் இருந்தது.